ஒரு மீட்டர் முடுக்கு: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கட்டிடம் ஏறி இறங்கிய கதை (நிகழ்வு ஆய்வு)

இடமும் ஆட்களும்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே உள்ள இந்தத் தெரு ஒரு காலத்தில் நஞ்சை. தாமிரபரணியில் பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் பாளையங்கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த வயல். வயலில் மூன்றடி உயரத்துக்குக் கிராவல் அடித்து, கல் ஊன்றி, 'நகர்' என்று முடிகிற ஒரு பெயரை வைத்து மனைகளாக விற்று ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகிறது. மனைப்பிரிவுக்கு அப்போது முறையான அங்கீகாரம் இல்லை. 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் எல்லாரும் விழித்துக்கொண்டு, 2017-ல் வந்த வரன்முறை விதிகளின்படி பணம் கட்டி மனைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். இந்த வரன்முறை விஷயம் பின்னால் ஒரு பெரிய குழப்பத்துக்குக் காரணமாகப் போகிறது.

இதில் இரண்டு வீடுகள். ஒன்று, வளைகுடா நாட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் 2021-ல் வாங்கிய மூன்றரை சென்ட் மனையில் எழும்பியது. 25 அடி அகலம், 61 அடி நீளம், சுமார் 1,525 சதுர அடி. மற்றது ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு, 1998-ல் கட்டிய ஒற்றைத் தளம், கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர். தெருவே அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். புது வீட்டுக்காரரும் அப்படித்தான், அவருக்கு இவர் 'தம்பி'.

நான் கட்டிடப் பொறியாளர். 2024 ஜனவரியில் டீச்சர் வீட்டு விரிசலைப் பார்க்கப் போனபோதுதான் இதற்குள் வந்தேன். அதற்கு முந்தி நடந்ததை வரைபடம், கைபேசிப் படங்கள், இரு தரப்பும் கொத்தனாரும் சொன்னது ஆகியவற்றிலிருந்து சேர்த்திருக்கிறேன். பெயர்களும் அடையாளம் காட்டும் விவரங்களும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

2022: அனுமதி வாங்கிய வரைபடம்

வரைபடத்தில் தப்பே கிடையாது. கீழ்த்தளம் 850 சதுர அடி, முதல் மாடி 850, மொத்தம் 1,700, முழுவதும் குடியிருப்பு. முன்னால் 10 அடி, பின்னால் 5 அடி, இரண்டு பக்கமும் ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி இடைவெளி. பக்கத்தில் விடும் இந்தச் சந்துதான் முடுக்கு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019 என்ற ஒரே தொகுப்புதான் இப்போது மாநிலம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்த இடைவெளிகள் கட்டிடத்தின் உயரம், மனையின் அகலம், முன்னால் உள்ள சாலையின் அகலம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். இந்த வகைக் கட்டிடத்துக்கு எஃப்எஸ்ஐ என்கிற தளப்பரப்புக் குறியீடு 2. மனை எவ்வளவோ அதைப் போல இரண்டு மடங்கு வரை மொத்தத் தளப்பரப்பு கட்டலாம். இவர் மனைக்கு 3,050 சதுர அடி வரை இடம் உண்டு, கேட்டதோ 1,700. சிக்கனமான, நல்ல வரைபடம்.

மாறியது அனுமதிக் காகிதம் கைக்கு வந்த பிறகு, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று. உரிமையாளரின் அத்தான், அக்காவின் கணவர், ஏற்கெனவே ஊரில் இரண்டு வீடு கட்டிய அனுபவசாலி, கோட்டைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இருக்கதே மூன்றரை சென்ட். அதுல ரெண்டு பக்கமும் மூணு மூணு அடியக் காத்துக்கு விட்டா மிச்சம் என்னத்துல வீடு கட்டுவ?" என்று கேட்டிருக்கிறார். டீச்சர் வீட்டுப் பக்கக் கோடு அன்றைக்கே நகர்ந்து, எல்லைச் சுவருக்கு நாலு அங்குலம் தள்ளி நின்றது. மறுபக்கம் காலி மனை, அங்கே மட்டும் வரைபடத்தில் உள்ளபடி விட்டார்கள், அதுவும் ஜன்னல் வைக்க வேண்டுமே என்பதற்காக.

அப்புறம் ஒவ்வொன்றாக ஏறியது. தெரு நல்ல போக்குவரத்தான தெரு, கீழே இரண்டு கடை போட்டால் வாடகை வரும் என்று ஒரு யோசனை. கடை வந்துவிட்டால் குடியிருக்க இரண்டு மாடி வேண்டும் என்று இன்னொரு யோசனை. முதல் மாடியை முன்பக்கம் நாலரை அடி பால்கனியாக இழுத்தார்கள். பின்பக்கம் ஒரு கழிவறை. முடிந்தபோது கீழ்த்தளம் சுமார் 1,150, மேலே இரண்டு மாடிகளும் 1,250 வீதம், ஆக 3,650 சதுர அடி. 1,525-ஆல் வகுத்தால் 2.39 வரும்.

கொத்தனார் லேபர் கான்ட்ராக்ட், சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. பரப்பு கூடினால் அவருக்கும் கூடும், "அண்ணாச்சி சொன்னா போட்டுரலாம்" என்பதுதான் அவர் பதில். வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பொறியாளருக்கு வரைபடத்துக்கு மட்டும்தான் கூலி பேசியிருந்தது. அவர் சைட்டுக்கு வரவில்லை, அவரை வரச் சொல்லவும் இல்லை.

உரிமையாளரைக் கெட்ட எண்ணக்காரர் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் இருக்காது. இடம் வாங்கிக் கொடுத்த புரோக்கர் வேறு, "கட்டுங்க, அப்புறமா வரன்முறை பண்ணிக்கலாம், மனைக்குப் பண்ணலியா?" என்று தைரியம் சொல்லியிருக்கிறார். நான் மேலே சொன்ன குழப்பம் இதுதான். மனை வரன்முறை என்பது 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் உருவான மனைப்பிரிவுகளுக்கு வந்தது. கட்டிட வரன்முறை தனி, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் வருவது, 2007 ஜூலை 1-க்கு முன்னால் கட்டிய கட்டிடங்களுக்கு உரியது. 2023-ல் எழுப்பிய மாடிக்கு இரண்டுமே கிடையாது. மனைக்குக் கட்டிய வரன்முறை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிடத்துக்கும் சேர்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிறவர்களை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18

அந்த மழையைப் பற்றி நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏறி, வண்ணார்பேட்டையும் ஜங்ஷன் பகுதியும் தண்ணீருக்குள் நின்றன. இந்தத் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர்.

அந்த மழைக்கு எந்த வீடும் தப்பியிருக்காது. இந்தக் கட்டிடம்தான் வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்று தெருவில் சிலர் பேசியது நியாயமில்லை. ஆனால் வந்த தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்பது வேறு கேள்வி. தெருவின் கீழ்ப்பக்கம் உள்ள வீடுகளில் மறுநாளே தரை தெரிந்துவிட்டது. டீச்சர் வீடும் அதற்கு மேல்பக்கம் உள்ள ஐந்தாறு வீடுகளும் மேலும் இரண்டு நாள் தண்ணீரில் இருந்தன.

மூன்றாம் நாள் காலையில் டீச்சர் சமையலறைக்குள் போய்ப் பார்த்தபோது மூலையில் விரல் நுனி நுழையும் அளவுக்கு விரிசல். எல்லைச் சுவர் அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவர் அன்று ராத்திரியிலிருந்து தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். காரணம் கேட்டதற்கு, 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததைச் சொன்னார். சாய்ந்த சுவருக்குப் பக்கத்தில் படுக்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

ஜனவரி முதல் வாரங்களில் அவர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார். மனு உள்ளாட்சிக்குப் போய், அங்கிருந்து வந்து அளந்தார்கள்.

பார்த்தவை

முதலில் வாறுகால், அதாவது தெருவோரச் சாக்கடை. கடைகளுக்குத் தரைமட்டத்தை ரோட்டிலிருந்து மூன்றரை அடி தூக்கியிருந்தார்கள். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே வருகிறது என்ற பயத்தில் எல்லாரும் செய்வதுதான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே தமிழக அரசு சொல்லியிருந்தாலும் ஜனங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. உயர்த்தியது தப்பில்லை. அந்த உயரத்துக்கு ஏற ஒரு சாய்தளம் வேண்டுமே, அதற்கு மனைக்குள் இடம் விடவில்லை என்பதுதான் தப்பு. சாய்தளம் வாறுகாலைத் தாண்டி ரோட்டுக்குள் நாலடி வந்திருந்தது. வாறுகாலுக்குள் கட்டிட இடிபாட்டைக் கொட்டி, மேலே கான்கிரீட். தண்ணீர் போக ஒரே ஒரு நாலு அங்குல பிவிசி குழாய், அதிலும் பாதிக்கு மேல் சிமெண்ட் பால் இறுகிக் கிடந்தது. சுவர்களில் வெள்ளம் விட்டுப்போன கறைக்கோட்டைச் சாய்தளத்துக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ட்யூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய், வைத்து அளந்தோம். ஒன்பது அங்குல வித்தியாசம் இருந்தது. தெருவில் நடந்த வாக்குவாதமெல்லாம் அந்த ஒன்பது அங்குலத்தைக் காட்டியதும் பாதியாகக் குறைந்தது.

இரண்டாவது, அந்த நாலு அங்குல இடுக்கு. புதுச் சுவரின் வெளிப்பக்கம் கீழ்த்தளத்தில் பூச்சே இல்லை. எப்படிப் பூசுவார்கள், கரண்டி பிடித்த கை உள்ளே போகாதே. மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய், ஏசித் தண்ணீர், சாரல் எல்லாம் அந்த இடுக்குக்குள்தான் விழுந்தன. விழுந்த தண்ணீர் எங்கும் போக வழியில்லாமல் எல்லைச் சுவரின் அடியிலும் தன் சுவரின் அடியிலும் ஊறியது. அதனால் பாதிக்கப்பட்டவர் டீச்சர் மட்டும் இல்லை. புது வீட்டின் கீழ்த்தளத்து அறை ஒன்றில் புதுப் பெயிண்ட்டுக்கு மேல் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. உள்ளே என்ன ரசாயனம் அடித்தாலும் நிற்காது, வெளியே போய்ச் சரிசெய்ய ஆள் நுழைய வேண்டும்.

மூன்றாவது, பால்கனி. தெருவில் போகும் தாழ்வழுத்த மின்கம்பிக்கும் கட்டிடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இருக்க வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. முதல் மாடி பால்கனி கிரில்லிலிருந்து கம்பி இரண்டடியில் ஓடியது. துணி உலர்த்தும் கம்பை நீட்டினால் தொட்டுவிடும்.

தோண்டிப் பார்த்தது

டீச்சர் வீட்டு மூலை விரிசல் படிப்படியாகக் குறுக்காக ஏறியது, மேலே அகலம், கீழே குறுகல். மூலை இறங்கினால் இப்படித்தான் வரும். எல்லைச் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஐந்தடி உயரத்தில் நாலு அங்குலம் சாய்வு. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது என்று தெரிந்ததால், உரிமையாளர் சம்மதத்தோடு அவர் தூண் ஒன்றின் அருகே உள்பக்கமாகச் சோதனைக் குழி போட்டோம்.

இந்த ஆய்வில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்தக் குழியில் கண்டதைத்தான். வரைபடத்தில் தூணுக்கு நாலரை அடிக்கு நாலரை அடி ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் பாதம்), நடுவில் தூண். அதாவது தூணின் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டேகால் அடி மண்ணுக்குள் கால் பரப்பி நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டிருந்தால் அந்தக் கால் அதற்குள் வசதியாக அடங்கும். சுவரை எல்லைக்கு நாலு அங்குலத்தில் கொண்டுபோனதும் வெளிப்பக்கம் கால் வைக்க இடமில்லை, டீச்சர் மனைக்குள் போக முடியாது. கொத்தனார் என்ன செய்தார் என்றால் ஃபுட்டிங்கைப் பாதியாக வெட்டிவிட்டார். தூண் ஃபுட்டிங்கின் ஓரத்தில் நிற்கிறது. ஓரத்தில் தூண் நிறுத்த வேறு முறைகள் உண்டு, உள்தூணோடு பீம் போட்டுக் கட்டலாம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபுட்டிங் போடலாம். ஆனால் அதற்கு யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு மாடிக்குப் போட்ட கணக்கில், பாதியாக வெட்டின ஃபுட்டிங்கில், இரண்டு மாடி நின்றது.

ஆழமும் போதவில்லை. ஐந்தடி தோண்டியிருந்தார்கள், கேட்டால் நல்ல ஆழம்தான். ஆனால் மேல் மூன்றடி கொட்டிய கிராவல், மிச்சம் இரண்டடிதான் பழைய வயல் மண், ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண். குழியை மேலும் இறக்கியபோது ஏழடிக்குக் கீழேதான் சுக்கான் என்கிற கெட்டியான அடிமண் தட்டியது. மேலே தளத்தின் எடையைச் சொல்லவும் வேண்டும். 1,250 சதுர அடி, ஐந்து அங்குலக் கனம், வெறும் கான்கிரீட் பலகை மட்டும் 36 டன்னுக்கு மேல், சுவர், படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தனி.

பக்க இடைவெளி என்றால் காற்று, வெளிச்சம் என்று மட்டும்தான் வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அதனால்தான் அத்தான் "காத்துக்கு விட்டா" என்று கேட்டார், ஏசி வைத்த வீட்டுக்காரருக்குக் காற்று பெரிய விஷயமில்லை. மண்ணுக்குள் தன் வீட்டின் கால் பக்கத்து வீட்டின் காலை மிதிக்காமல் நிற்க இடம், பூச்சு வேலைக்கு ஆள் நுழைய இடம், கூரைத் தண்ணீர் இறங்கி ஓட இடம், தீப்பிடித்தால் பின்பக்கம் போக வழி, இவ்வளவும் அந்த முடுக்குக்குள் இருக்கிறது. அதை அரசாங்கம் பறித்துக்கொண்ட இடம் என்று நினைக்கிறவரையில் யாரும் விட மாட்டார்கள்.

டீச்சர் வீட்டுச் சமையலறை

அளக்க வந்தவர்கள் டீச்சர் வீட்டையும் அளந்தார்கள். அப்போது வந்த விஷயத்தை அவரே எதிர்பார்க்கவில்லை. 1998 வரைபடத்தில் அந்தப் பக்கம் ஐந்தடி இடைவெளி. விரிசல் விட்ட சமையலறை 2009-ல் சேர்த்துக் கட்டியது, அனுமதி இல்லாமல், இரண்டடி ஆழத்தில் வெறும் செங்கல் அஸ்திவாரம் போட்டு, எல்லையிலிருந்து இரண்டடியில். பழைய வீட்டின் கருங்கல் அஸ்திவாரத்தில் நிற்கும் சுவர்களில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆக, இரண்டு வீடும் விட வேண்டிய இடத்தை விடாமல் ஒன்றை ஒன்று நெருங்கி வந்த இடத்தில்தான் இந்தச் சேதம். இதில் ஒருவர் விட்டிருந்தாலும் சேதம் குறைந்திருக்கும், இருவரும் விட்டிருந்தால் நடந்தே இருக்காது என்பது என் கணிப்பு. டீச்சருக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் கொடுத்த மனு எனக்கும் சேத்துத்தான்" என்றார். 2009 என்பதால் 113-சி அவருக்கும் உதவாது.

உடனே செய்தது

புது வீட்டு மொட்டைமாடியில் டீச்சர் வீட்டுப் பக்கமாக இருந்த ஆயிரம் லிட்டர் தொட்டிகள் இரண்டையும் காலி செய்யச் சொன்னோம், அங்கேயே இரண்டு டன் குறைந்தது. இடுக்குக்குள் விழுந்த குழாய்களைத் தெருப்பக்கம் திருப்பினோம். சமையலறைக் கூரைக்கு ஜாக்கி முட்டு. எல்லைச் சுவரின் சாய்ந்த பகுதியைக் கையாலேயே இறக்கினோம். விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதி வைத்தோம், மூலை இன்னும் இறங்கினால் கண்ணாடி உடையும். முதல் மாதத்தில் மூலைக் கண்ணாடி உடைந்தது, மாற்றி ஒட்டியது மார்ச்சில் இன்னொரு முறை உடைந்தது. அதற்குள் இரண்டாம் மாடியை இறக்கும் வேலை தொடங்கிவிட்டது.

முடிவு எப்படி வந்தது

நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 56, 57 பிரிவுகளில் உரிமையாளருக்கு நோட்டீஸ் வந்தது, விதிமீறிய பகுதியை அகற்றவும் மேற்கொண்டு வேலையை நிறுத்தவும் சொல்லி. அத்தான் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாம் என்றார், வழக்கு முடிய வருஷக்கணக்காகும், அதுவரை வாடகை வருமே என்பது அவர் கணக்கு. அப்படியே வைத்துத் திருத்திய வரைபடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். 2.39-ஐயும் நாலு அங்குலத்தையும் எந்தத் திருத்திய வரைபடமும் ஏற்காது.

உரிமையாளர் இறக்குவது என்று முடிவெடுத்ததற்கு நோட்டீஸ் மட்டும் காரணமில்லை. கடை உள்ள கட்டிடம் என்பதால், வரைபடப்படி கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்று இல்லாமல் அப்போது வணிக மின் இணைப்பு கிடைக்கவில்லை. வங்கிக் கடனின் கடைசித் தவணை, வங்கியின் பொறியாளர் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு கணக்கிட்டபோது, இந்தத் தூண் வரிசையில் இரண்டாம் மாடி இருக்கும்வரை பாதுகாப்பானது என்று எழுதித் தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். 2014-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் இறந்ததைப் படித்தவர்தான் உரிமையாளரும். தன் இரண்டு பிள்ளைகள் தூங்கப்போகும் மாடி என்பது அவருக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

முழுவதும் இடிக்க வேண்டியதில்லை என்று கணக்குச் சொன்னது. இரண்டாம் மாடியை எடுத்தால் 2,400 சதுர அடி, குறியீடு 1.57, எடையும் கீழிறங்கும். பக்கத்துத் தூண் வரிசைதான் சிக்கல். சுவரை மட்டும் உள்ளே தள்ளினால் போதாது, தூண்களே தப்பான இடத்தில் நிற்கின்றன. ஒரு மீட்டர் உள்ளே புதுத் தூண் வரிசை போட்டு, பீம்களை அதன் மேல் ஏற்றி, பிறகு வெளி வரிசையை வெட்டி எடுப்பது என்று தீர்மானித்தோம். பழைய ஃபுட்டிங்கை அங்கேயே பலப்படுத்தலாமே என்று கேட்கப்பட்டது. டீச்சர் வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி மறுபடி தோண்டுவதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் தன் சமையலறையைத் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னார். அவருக்கு வந்த யோசனைகளில் அதையும் பலப்படுத்துவது இருந்தது. "தம்பி மாடிய இறக்கும்போது நான் மூலைய வச்சிக்கிட்டு இருக்க முடியாது" என்று அதைத் தள்ளிவிட்டார். எல்லைச் சுவரைப் பாதிப் பாதிச் செலவில் கட்டுவது, வேலை நடக்கும்போது டீச்சர் வீட்டில் சேதம் வந்தால் உரிமையாளர் சரிசெய்வது, இவை இரண்டையும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டார்கள்.

2024 மார்ச் முதல் அக்டோபர் வரை

ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. பிரேக்கர் எந்திரத்தை டீச்சர் வீட்டுப் பக்கம் கொண்டுவரவே இல்லை, அதிர்வு தாங்காது. தளத்தை அறுப்பு எந்திரத்தால் துண்டு துண்டாக அறுத்து இறக்கினோம். இடிபாட்டைக் கீழ்த்தளத்தில் குவித்து வைக்காமல் அன்றன்றைக்கே அப்புறப்படுத்தினோம், இடிக்கும்போது விழுகிற கட்டிடங்களில் பல, குவித்த இடிபாட்டின் பாரத்தில்தான் விழுகின்றன. மாடி போனதும் உள்வரிசைத் தூண்களுக்குச் சுக்கான் வரை தோண்டி ஐந்தடி சதுர ஃபுட்டிங், நடுவில் தூண். ஒரே நேரத்தில் ஒரு குழிக்கு மேல் திறக்கவில்லை. தூண்கள் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகு வெளி வரிசை மேலிருந்து கீழாக வெட்டப்பட்டது. பால்கனி போனது, பின்பக்கக் கழிவறை போனது. சாய்தளத்தை எடுத்து வாறுகாலைத் தோண்டித் திறந்து, மேலே தூக்கி எடுக்கக்கூடிய கான்கிரீட் பலகைகள் போட்டோம், படி முழுக்க மனைக்குள். இரண்டு கடையில் ஒன்று வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது.

இரண்டாம் மாடி கட்ட ஆன செலவைவிட, அதை இறக்கித் தூண் மாற்ற ஆன செலவு அதிகம். உரிமையாளர் இதற்காக நகை அடகு வைத்தார்.

அதற்குப் பிறகு

2024 டிசம்பர் நடுவில் மறுபடியும் கனமழை, தாமிரபரணியில் வெள்ளம். 2023 அளவுக்கு இல்லை என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. தெருவில் தண்ணீர் வந்தது, மறுநாள் வடிந்தது, சாய்தளம் இருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கறைக்கோடு ஒரே மட்டத்தில் இருந்தது. டீச்சர் வீட்டுப் பழைய சுவர்களில் முன்னெச்சரிக்கையாக ஒட்டிய கண்ணாடிகள் உடையவில்லை. புது வீட்டின் ஓதம் பிடித்த அறையை, இப்போது முடுக்குக்குள் ஆள் போக முடிவதால், வெளியிலிருந்து பூசினார்கள்.

அதே மாதம் 17-ம் தேதி, மீரட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், விதிமீறிய கட்டிடத்தைக் காலதாமதத்தையோ போட்ட பணத்தையோ காட்டிக் காப்பாற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அத்தான் அதை நாளிதழில் படித்துவிட்டு உரிமையாளருக்கு அனுப்பியிருக்கிறார், வேறு எதுவும் எழுதவில்லையாம். திருத்திய வரைபடத்துக்கு அனுமதி, பிறகு நிறைவுச் சான்று, மின் இணைப்பு எல்லாம் 2025-ல் வந்தன. கடையில் இப்போது மருந்துக்கடை.

எங்கே மாற்றலாம்

இந்த விவகாரம் முழுவதிலும் காசில்லாமல் திருத்தியிருக்கக்கூடிய ஒரே நேரம் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றும், அதைத் தாண்டினால் அஸ்திவார மட்டம் முடிந்த அன்றும்தான். அந்த இரண்டு நாளில் ஒன்றில் யாராவது அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்திருந்தால் போதும். அதனால் நான் இப்போது வரைபட வேலை எடுத்தால் அஸ்திவார மட்டம்வரை மேற்பார்வையையும் கூலியில் சேர்த்துத்தான் பேசுகிறேன், வேண்டாம் என்கிறவர்களுக்கு வரைபடமும் போடுவதில்லை. கொத்தனாருக்குக் கூலி கட்டிய பரப்புக்கு இல்லாமல் வரைபடத்தில் உள்ள பரப்புக்கு என்று எழுதிவிட்டால் பாதித் தூண்டுதல் போய்விடும். இந்தக் கொத்தனாரே அதை ஒத்துக்கொண்டார், சிரித்துக்கொண்டேதான்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், கீழ்த்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதி, அலைச்சல் மிச்சம். அதே சமயம் வரைபடத்துக்கும் தரைக்கும் நடுவில் இருந்து பார்க்கும் கண் இன்னும் ஒன்று குறைகிறது, அந்தக் கண்ணை வீட்டுக்காரர்தான் கூலி கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டில் தோண்டும் முன் இருக்கிற விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம். இங்கே 2009 சமையலறையில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்ததா இல்லையா என்று இரண்டு தரப்பும் ஒரு மாதம் வாதாடினார்கள், படம் யாரிடமும் இல்லை.

முடியாத வேலையும் இருக்கிறது. மின்கம்பத்தைத் தள்ளி நட மனு கொடுத்தாகிவிட்டது, அந்தச் செலவில் தெருக்காரர்களுக்குள் இன்னும் ஒப்பந்தம் இல்லை. தெருவில் வாறுகால் மேல் இருந்த மற்ற ஏழு சாய்தளங்களில் மூன்றை வீட்டுக்காரர்களே எடுத்துவிட்டார்கள், நான்கு அப்படியே இருக்கின்றன. அதில் கடைசி, ஓடையில் சேரும் இடத்தில் இருப்பது. அது போகாதவரை மேலே திறந்துவிட்ட தண்ணீர் முழுசாக இறங்காது. அந்த வீட்டுக்காரருக்குப் படி எப்படி உள்ளே தள்ளலாம் என்று அளந்து கொடுத்திருக்கிறேன், மகள் கல்யாணம் முடியட்டும் என்கிறார்.